பால், முட்டை இல்லாத பேக்டு டோனட்: கிளேஸ் வழிகிறது, கலர் மங்குகிறது

பனசவாடி மீனா:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற 21ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, என் பையனுக்கு ஏழாவது பிறந்தநாள். அவனுக்குப் பாலும் முட்டையும் ஆகாது. டாக்டர் பரிசோதித்து உறுதி செய்த அலர்ஜி. ஒரு ஸ்பூன் தயிர் பட்டாலே உதடு வீங்கிவிடும். போன வருடம் வகுப்பில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கலர் கலராக டோனட் கொடுத்திருக்கிறார்கள். இவன் கையில் நான் கொடுத்தனுப்பிய கடலை மிட்டாய். வீட்டுக்கு வந்து அழவில்லை. "அம்மா, அதில் ஒன்று நீலக் கலர்" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. இந்த வருடம் அவன் கொண்டுபோகிற டோனட்டை மொத்த வகுப்பும் சாப்பிட வேண்டும், அவனும் அதையே சாப்பிட வேண்டும்.

எண்ணெயில் பொரிக்க விருப்பமில்லை. ஆறு குழி டோனட் டின் ஒன்று வாங்கினேன், வீட்டில் 28 லிட்டர் ஓடிஜி (மின்சார அவன்) இருக்கிறது. மூன்று முறை செய்துவிட்டேன். முதல் முறை ரப்பர் மாதிரி வந்தது. இரண்டாவது முறை மாவிலேயே பீட்ரூட் சாறு கலந்தேன். உள்ளே போகும்போது நல்ல ரோஸ், வெளியே வரும்போது பழைய செங்கல் நிறம். மூன்றாவது முறை டோனட் பரவாயில்லை, ஆனால் மேலே ஊற்றிய கிளேஸ், அதாவது சர்க்கரைப் பூச்சு, மொத்தமும் வழிந்து தட்டுக்குப் போய்விட்டது. மேலே மிஞ்சியது கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு, அவ்வளவுதான்.

நான் போட்டது: ஒன்றரை கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு வாழைப்பழம், ஆளி விதைப் பொடி ஊறவைத்தது, தேங்காய்ப் பால், அரை கப் சர்க்கரை. 30 டோனட் வேண்டும். இன்னும் 12 நாள் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம் மாமி:

மீனா, முதலில் அந்த வாழைப்பழத்தையும் ஆளி விதையையும் எடுத்துவிடு. ரப்பருக்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் முப்பது வருடமாக முட்டை இல்லாமல் கேக் செய்கிறேன். சின்ன வளையத்துக்கு முட்டைக்குப் பதில் எதுவுமே தேவையில்லை. பெரிய கேக் நடுவில் உட்காராமல் இருக்கத்தான் பிடிமானம் வேண்டும். டோனட்டுக்கு நடுவே ஓட்டை இருப்பதால் எல்லாப் பக்கமும் சீக்கிரம் வெந்துவிடும்.

இன்னொன்று. இங்கே ஐயங்கார் பேக்கரியில் முட்டை இல்லாமல் கிடைக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். முட்டை இல்லைதான். வெண்ணெயும் பாலும் இருக்கும். நம் குழந்தைக்கு அது ஆகாது.

அல்சூர் குமார்:

மீனா அக்கா, நான் நான்கு வருடமாக வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்கிறேன், பாதிக்கு மேல் பால் இல்லாத ஆர்டர். மாமி சொன்னது சரி. கூடவே இரண்டு விஷயம் கவனியுங்கள்.

ஒன்று, மாவை எவ்வளவு நேரம் கலக்கினீர்கள்? ஈரம் பட்ட பிறகு மைதாவைக் கலக்கக் கலக்க அதில் பசைத்தன்மை ஏறும். சப்பாத்திக்கு அது வேண்டும், டோனட்டுக்குக் கூடாது. ஈரத்தையும் பொடியையும் சேர்த்தபின் கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று, அதோடு நிறுத்திவிடுங்கள். அங்கங்கே சின்னக் கட்டி தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், அடுப்பில் சரியாகிவிடும். இட்லி மாவு மாதிரி மழமழவென்று ஆக்கினால் ரப்பர்தான்.

இரண்டு, பேக்கிங் பவுடர் அதிகம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, அதனால் வாயு இன்னும் கொஞ்சம் வேகமாக விரியும். மாவு ஒரேயடியாக எழும்பி, வெந்து உறுதிப்படுவதற்குள் உட்கார்ந்துவிடும்.

சென்னையிலிருந்து வந்தவள்:

அப்பாடா! இரண்டு வருடமாக எனக்கு இதுதான் புரியவில்லை. வேளச்சேரியில் அதே அளவில் செய்யும்போது நன்றாக வந்த கேக், இங்கே ஹொரமாவு வந்தபிறகு நடுவில் பள்ளம் விழுகிறது. ஓடிஜிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றவும் மாற்றிவிட்டேன்.

ஜே.பி.நகர் அருண்:

குமார் சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. 900 மீட்டர் பெரிய உயரம் இல்லை. தண்ணீர் இங்கே 97 டிகிரியில் கொதிக்கிறது, சென்னையில் 100இல். மூன்று டிகிரிதான் வித்தியாசம். பெரும்பாலும் கோளாறு ஓடிஜியின் சூட்டில்தான். என்னுடையதில் 180 என்று திருப்பி வைத்தால் உள்ளே 205 இருக்கிறது. உள்ளே வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. சூடு அதிகமானால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே வேகாமல் நின்று, பிறகு உட்காரும். அறிகுறி அதேதான், காரணம் வேறு.

அல்சூர் குமார்:

அருண் அண்ணா, வெப்பமானி விஷயத்தில் உங்களோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். எல்லோரும் வாங்க வேண்டியது அது. ஆனால் பேக்கிங் பவுடரைக் கால் டீஸ்பூன் குறைத்ததும் என் டோனட் உட்காருவது நின்றது, சூட்டை மாற்றாமலே. இரண்டையும் செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

சரி, அளவு சொல்கிறேன். எடைபோட்டே எடுங்கள், கப்பில் அளந்தால் மைதா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி விழும். மைதா 150 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். ஜாதிக்காயை நேரடியாக இதன்மேல் துருவுங்கள், இரண்டு சிட்டிகை அளவு. இதை விட்டுவிடாதீர்கள். வெனிலா மட்டும் போட்டால் அது கப்கேக் வாசனை. டோனட் கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த வாசனையில் ஜாதிக்காய்க்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு கிண்ணத்தில் இனிப்பில்லாத சோயா பால் 150 மி.லி., வினிகர் இரண்டு டீஸ்பூன். ஐந்து நிமிடம் அப்படியே வையுங்கள், மோர் மாதிரி திரியும். தேங்காய்ப் பால் இப்படித் திரியாது. சோயாவில் புரதம் அதிகம், அதனால் திரிகிறது. அந்தப் புரதம்தான் டோனட்டுக்குக் கொஞ்சம் உடம்பும் கொடுக்கிறது. அதில் 45 மி.லி. சூரியகாந்தி எண்ணெய், வெனிலா ஒரு டீஸ்பூன். இரண்டையும் சேர்த்து, சொன்ன மாதிரி பத்துப் பன்னிரண்டு சுற்று.

ஒரு பிளாஸ்டிக் கவரில் மாவைப் போட்டு, முனையை வெட்டி, எண்ணெய் தடவிய குழியில் பிழியுங்கள். குழிக்கு 60 கிராம், மூன்றில் இரண்டு பாகம்தான். அதற்கு மேல் போனால் ஓட்டை மூடிக்கொள்ளும், பன் ஆகிவிடும். 180 டிகிரி, நடுத்தட்டு, மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய 11 நிமிடம். விரலால் அழுத்தினால் எழும்பி வர வேண்டும். ஐந்து நிமிடம் டின்னிலேயே விட்டுப் பிறகு கவிழ்த்துங்கள்.

பனசவாடி மீனா:

குமார் தம்பி, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். 30 டோனட்டுக்கு மொத்த மாவையும் ஒரே தடவையில் கலந்து வைத்துக்கொள்ளலாமா? டின் ஒன்றுதான் இருக்கிறது.

அல்சூர் குமார்:

கூடவே கூடாது அக்கா. வினிகரும் சோடாவும் சேர்ந்த கணமே வாயு கிளம்ப ஆரம்பித்துவிடும். கடைசி ஈடு வரை காத்திருந்தால் அதற்குள் எல்லாம் போய்விடும், ஐந்தாவது ஈடு தட்டையாக வரும். பொடியை மட்டும் ஐந்து பங்காக எடைபோட்டு ஐந்து கவரில் முன்னாடியே கட்டி வையுங்கள். ஒரு ஈடு வெளியே வரும்போது அடுத்த கவரைக் கலக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு டோனட் அளவு மாவு மிஞ்சும். அதைக் கைப்பிடி இல்லாத இரும்புக் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றி அதே ஓடிஜியில் வையுங்கள். எட்டு நிமிடம் போதும். உருண்டை உருண்டையாக வரும், வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தனி ஆசை.

கே.ஆர்.புரம் சுதா:

மீனா, என் மகளுக்கும் பால் அலர்ஜி. அதனால் செய்முறையைவிட இதை முதலில் சொல்லத் தோன்றுகிறது.

"வீகன்" (விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லாதது) என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு வருடம் முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு கடையில், சத்தியமாகப் பால் இல்லை என்று சொல்லி ஒரு கேக் கொடுக்கப் பார்த்தார்கள். கிரீம் டப்பாவைக் காட்டுங்கள் என்று கேட்டு வாங்கிப் படித்தேன். முன்பக்கம் பெரிதாக "நான் டெய்ரி". பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் கேசினேட். கேசினேட் என்றால் பால் புரதம்தான். எங்கள் பிள்ளைகளுக்கு எது ஆகாதோ அதுவேதான். அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியவில்லை. மார்ஜரினிலும் டார்க் சாக்லேட்டிலும்கூட சில சமயம் பால் திடப்பொருள் இருக்கும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படிக்க வேண்டும்.

பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று பாட்டி, தாத்தா நினைப்பார்கள். அது சைவம் என்பதற்கான அடையாளம். பாலும் வெண்ணெயும் அதற்குள் அடக்கம். வீகனுக்குத் தனிச் சின்னம் உண்டு, பச்சை நிறத்தில் வி எழுத்தும் அதன்மேல் ஒரு சின்ன இலையும். 2022இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அதற்கென்று தனி விதிமுறையே கொண்டுவந்தது. ஆனால் அதுகூடப் பொருள் எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும் சின்னம்தான். பால் ஓடிய அதே இயந்திரத்தில் ஓடியிருந்தால் துளி ஒட்டியிருக்கலாம். அலர்ஜிக்கு "பால் இருக்கலாம்" என்கிற வரியைத் தனியாகத் தேட வேண்டும்.

அப்புறம் உங்கள் சொந்தச் சமையலறை. நெய் பட்ட டின், பால்பவுடர் சலித்த சல்லடை, வெண்ணெய் கடைந்த மிக்ஸி ஜார். சல்லடையின் வலை ஓரத்தில் ஒட்டியிருப்பது கழுவினாலும் போகாது. நான் ஒரு சல்லடை, ஒரு பிரஷ், ஒரு மரக்கரண்டி தனியாக வைத்திருக்கிறேன், பிடியில் சிவப்பு நூல் கட்டி. வீட்டில் யாரும் அதை வேறெதற்கும் எடுக்க மாட்டார்கள்.

பனசவாடி மீனா:

சுதா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். சல்லடை எனக்குத் தோன்றவே இல்லை. போன மாதம்தான் அதில் பால்பவுடர் சலித்து குலாப் ஜாமூன் செய்தேன், அவனுக்கு இல்லை, விருந்தாளிகளுக்கு. நாளைக்கே புதிது வாங்குகிறேன். சிவப்பு நூலும் கட்டுகிறேன்.

கே.ஆர்.புரம் சுதா:

வகுப்பு ஆசிரியையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேறு பிள்ளைக்கு சோயா அலர்ஜியோ, முந்திரி, வேர்க்கடலை அலர்ஜியோ இருக்கலாம். நம் பிள்ளைக்கு நாம் எதிர்பார்ப்பதை மற்ற பிள்ளைக்கு நாமும் செய்ய வேண்டும். அப்புறம் என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்று எழுதி டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள்.

வேதியியல் டீச்சர்:

மீனா, பீட்ரூட் செங்கல் நிறமானதற்கு வருகிறேன். பீட்ரூட்டின் நிறம் பீட்டாலைன் என்கிற வகை. சூடு பட்டால் சிதைந்துவிடும். அதனால் மாவில் கலந்து அடுப்பில் வைக்காதீர்கள், கிளேஸில் பச்சையாகச் சேருங்கள். நிறத்தை எல்லாம் மேலே வைத்துக்கொண்டு, டோனட்டை அதன் இயல்பான பொன்னிறத்தில் விடுவதுதான் நல்லது. கொஞ்சம் எலுமிச்சை சேர்த்தால் பீட்ரூட் ரோஸ் இன்னும் தெளிவாக நிற்கும்.

உங்கள் பையன் கேட்ட நீலம்தான் இயற்கையில் கிடைப்பதற்கு அரிது. ஆனால் நம் காம்பவுண்டுச் சுவரிலேயே இருக்கிறது. சங்குப்பூ. அதன் நிறம் ஆந்தோசயனின் வகை, நீரில் கரையும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2021இல் சங்குப்பூச் சாற்றை உணவு நிறமாக அனுமதித்தது.

இருபது காய்ந்த பூவை எடுத்து, மூன்று மேசைக்கரண்டி கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, நன்றாகப் பிழிந்து வடிகட்டுங்கள். மை மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கிளேஸில் போடுகிற ஐசிங் சுகர் (மாவாகப் பொடித்த சர்க்கரை) வெள்ளை, எவ்வளவு அடர்த்தியான நிறத்தையும் வெளுக்க வைத்துவிடும். டம்ளரில் பார்க்கும்போது பயப்படுகிற அளவு கருநீலமாக இருந்தால்தான் டோனட்டில் வான நீலம் வரும்.

இனிமேல்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது. அந்த நீல நீரைக் கொஞ்சம் தனியாக எடுத்து இரண்டு சொட்டு எலுமிச்சை விடுங்கள். விழுந்த இடத்தில் முதலில் ஒரு ஊதாப் புகை மாதிரி இறங்கும், கலக்கினால் மொத்தமும் கத்தரிப்பூ நிறம். இன்னும் நாலு சொட்டு விட்டால் ரோஸ் பக்கம் போகும். ஒரே பூவில் நீலம், ஊதா, இளஞ்சிவப்பு மூன்றும் கிடைக்கும். என் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அமிலம், காரம் நடத்தும்போது லிட்மஸ் தாளுக்கு முன் இதைத்தான் காட்டுவேன்.

அதனால் ஒரு எச்சரிக்கை: நீலக் கிளேஸில் எலுமிச்சை கையே படக்கூடாது. ரோஸ் கிளேஸ் கலக்கிய அதே கரண்டியை நீலத்தில் விட்டாலும் நிறம் மாறிவிடும்.

சென்னையிலிருந்து வந்தவள்:

டீச்சர், மஞ்சளுக்கும் பச்சைக்கும் என்ன செய்யலாம்? நான் பாலக்கீரை போட்டேன், சாயங்காலத்துக்குள் பாசி நிறமாகிவிட்டது.

வேதியியல் டீச்சர்:

எலுமிச்சை சேர்த்தீர்களா? பச்சைக்கு அமிலம் எதிரி. குளோரோஃபில்லின் நடுவில் ஒரு மக்னீசியம் உட்கார்ந்திருக்கும், அமிலம் அதை வெளியே தள்ளிவிடும், உடனே ஆலிவ் நிறம். கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் முக்கி, அரைத்து, துணியில் பிழிந்து ஒரு டீஸ்பூன் சாறு சேருங்கள். எலுமிச்சை வேண்டாம், பரிமாறுகிற அன்றே செய்யுங்கள்.

மஞ்சளுக்கு மஞ்சள்தூள், கத்தி முனையில் எடுக்கிற அளவு. நேரடியாகக் கிளேஸில் போட்டால் புள்ளி புள்ளியாக நிற்கும், பச்சை வாசனையும் வரும். அதன் நிறம் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். கிளேஸில் போடப்போகிற ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி அதில் கரைத்துச் சேருங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும், ஜன்னலோரம் வைக்காதீர்கள். மாவில் மட்டும் மஞ்சள் போடாதீர்கள். சோடா கொஞ்சம் மிஞ்சினாலும் குங்குமம் மாதிரி சிவந்துவிடும்.

மல்லேஸ்வரம் மாமி:

நம்மூர்ப் பழத்தை விட்டுவிட்டீர்களே. பெங்களூர் புளூ திராட்சை. கம்பத்துப் பன்னீர் திராட்சை என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு ரகம். இது கறுநீலமாக, உருண்டையாக, கொட்டையோடு இருக்கும். விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் உள்ளே இருக்கிற சதை வழுக்கென்று வெளியே குதித்துவிடும், தோல் மட்டும் கையில் நிற்கும். அந்தத் தோலில்தான் நிறம். அரைக் கிலோ பழத்தை மசித்து, தண்ணீரே விடாமல் கொதிக்க வைத்து, வடித்து, அந்தச் சாறு நாலு மேசைக்கரண்டி ஆகும்வரை சுண்டவிடு. கிளேஸில் போட்டால் நிறமும் வரும், வாசனையும் வரும். சங்குப்பூவில் நிறம் மட்டும்தான், ருசி ஒன்றுமில்லை. இதில் இரண்டும் உண்டு.

மீனா, எங்கள் வீட்டுக் கேட்டில் சங்குப்பூக் கொடி இருக்கிறது. நிழலில் காயவைத்து ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். காம்பின் பச்சைப் பகுதியைக் கிள்ளிவிட்டுத்தான் காயவைத்தேன். வந்து வாங்கிக்கொண்டு போ.

ஜே.பி.நகர் அருண்:

கடைக் கலர் வாங்கலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டுதான், அவற்றுக்கும் அளவு வரம்பு உண்டு. அச்சிட்ட லேபிளோடு வருவதை ஒரு சொட்டு போடுவதில் தவறில்லை. ஆனால் தாளில் மடித்துக் கொடுக்கிற ரோஸ் பொடி பக்கமே போகாதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்ததும், மார்ச்சில் கர்நாடகத்தில் பஞ்சு மிட்டாய்க்கும் கோபி மஞ்சூரியனுக்கும் செயற்கை நிறம் போடக்கூடாது என்று உத்தரவு வந்ததும், ரோடமின் பி போன்ற நிறம் சிக்கியதால்தான். அது துணிக்குப் போடுகிற சாயம்.

மேலே தூவுகிற கலர் மணிகளில் இன்னொரு சிக்கல். பளபளப்புக்கு அரக்குப் பூச்சியிலிருந்து எடுக்கிற ஷெல்லாக் பூசுவார்கள், லேபிளில் 904 என்று இருக்கும். 901 தேன்மெழுகு. 120 என்றால் கார்மைன், பூச்சியை நசுக்கி எடுக்கிற சிவப்பு. மீனாவின் பையனுக்கு இவை பாதகமில்லாமல் இருக்கலாம். ஆனால் வீகன் டோனட் என்று பெயர் வைத்துக் கொடுத்தால் அந்தச் சொல்லுக்கு நாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் வீகனாகி ஒன்பது வருடம். உலர்ந்த தேங்காய்த் துருவலை மூன்று கிண்ணத்தில் பிரித்து, பீட்ரூட் சாறு, சங்குப்பூ நீர், மஞ்சள் நீர் சில சொட்டு விட்டுப் பிசறி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். அதுவே அழகான தூவல்.

அல்சூர் குமார்:

இப்போது கிளேஸ் ஏன் வழிந்தது என்று பார்ப்போம். மீனா அக்கா, டோனட் சூடாக இருக்கும்போதே ஊற்றினீர்களா?

பனசவாடி மீனா:

கொஞ்சம் சூடு இருந்தது. சர்க்கரையை மிக்ஸியில் பொடித்து, பீட்ரூட் சாறு ஐந்து ஸ்பூன் விட்டேன். கலர் பத்தவில்லை என்று இன்னும் ஊற்றினேன்.

அல்சூர் குமார்:

அங்கேதான் போயிருக்கிறது. நிறத்துக்காகத் தண்ணீரைக் கூட்டக்கூடாது. சாற்றைச் சுண்டவைத்தோ, டீச்சர் சொன்ன மாதிரி அடர்த்தியாக எடுத்தோ, கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பீட்ரூட்டைச் சுண்டவைக்க முடியாது என்பதால் துருவித் துணியில் பிழிந்த முதல் சாறு மட்டும், தண்ணீர் கலக்காமல்.

வீட்டில் பொடிக்கிறீர்கள் என்றால் 100 கிராம் சர்க்கரைக்கு ஒரு டீஸ்பூன் சோள மாவு சேர்த்துப் பொடித்து, இரண்டு முறை சலியுங்கள். நறநறவென்று இருந்தால் கிளேஸ் மழமழப்பாக வராது. 150 கிராம் பொடிக்கு நிறச் சாறும் சோயா பாலுமாகச் சேர்த்து 25 மி.லி.யில் ஆரம்பியுங்கள், தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன். கரண்டியைத் தூக்கினால் நாடா மாதிரி விழ வேண்டும். விழுந்த கோடு பத்து எண்ணுவதற்குள் மறைந்தால் சரியான பதம். உடனே மறைந்தால் இளகல், இன்னும் பொடி போடுங்கள். மறையவே இல்லையென்றால் அரை டீஸ்பூன் சோயா பால்.

டோனட் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கையில் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும். ஊற்றாதீர்கள், முக்குங்கள். தலைகீழாகப் பிடித்துப் பாதி வரை முக்கி, லேசாக ஒரு திருகு திருகி, தூக்கி, இரண்டு நொடி சொட்டவிட்டுத் திருப்புங்கள். இயற்கை நிறம் மெலிதாக இருக்கும், அடியிலிருக்கிற பொன்னிறம் வழியே தெரிந்து நிறத்தை அழுக்காகக் காட்டும். அதற்கு முதலில் வெறும் வெள்ளைக் கிளேஸில் ஒரு முக்கு, பதினைந்து நிமிடம் காய்ந்தபிறகு கலரில் ஒரு முக்கு. இதைச் செய்தால் நீலம் நீலமாகவே நிற்கும். 30 டோனட்டுக்கு இரண்டு பூச்சுக்கும் சேர்த்து முக்கால் கிலோ ஐசிங் சுகர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மழை வேறு. காற்றில் ஈரம் இருந்தால் காய ஒரு மணி நேரம்கூட ஆகும். மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வேர்த்து, நிறம் ஒன்றோடொன்று ஓடிவிடும்.

மல்லேஸ்வரம் மாமி:

முதல் நாள் சாயங்காலம் சுட்டு, ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வை. மறுநாள் காலையில் எழுந்து கிளேஸ் போடு. கிளேஸ் போட்டு ராத்திரி முழுக்க மூடி வைத்தால் பிசுபிசுக்கும்.

பனசவாடி மீனா:

நேற்று ஒத்திகை பார்த்தேன். குமார் சொன்ன அளவு, மாமி கொடுத்த பூ. இடையில் கரண்ட் போய், ஓடிஜியைத் திறக்காமல் அப்படியே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஈடு கொஞ்சம் காய்ந்துவிட்டது, மற்றது எல்லாம் பஞ்சு. பையன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு நின்றான். எலுமிச்சை விட்டதும் நீலம் ஊதாவானதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று ஒரு பழம் முழுக்கக் காலி செய்துவிட்டான். எல்லாவற்றையும் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தேன், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு முந்திரி ஆகாதாம். நம் செய்முறையில் முந்திரி இல்லை, நல்லவேளை.

ஒரு கேள்வி மட்டும். பெட்டியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் எப்படிக் கொண்டுபோவது?

கே.ஆர்.புரம் சுதா:

ஒரே அடுக்கு, கீழே பட்டர் பேப்பர். உயரம் குறைவான ஸ்வீட் பெட்டி மூன்று போதும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையனுக்கு உரியதைத் தனிச் சின்ன டப்பாவில், பெயர் எழுதி, அவன் பையிலேயே வையுங்கள். பகிர்கிற இடத்தில் வேறு வீட்டுத் தின்பண்டம் பட்டுவிட வாய்ப்பு உண்டு.

பனசவாடி மீனா:

வெள்ளி இரவு எழுதுகிறேன். காலை நான்கரைக்கு எழுந்தேன். பதினொன்று நீலம், ஏழு ரோஸ், ஏழு திராட்சை ஊதா, ஐந்து மஞ்சள். பச்சை போடவில்லை, பிள்ளைகள் கீரை என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பையன் சொல்லிவிட்டான். ஆறே முக்காலுக்கு எல்லாம் காய்ந்துவிட்டது. நீலத்தில் ஒன்று மட்டும் ஓரத்தில் ஊதாவாகியிருந்தது, என் விரலில் எலுமிச்சை இருந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மூன்று பெட்டியும் காலியாக வந்தது. மூடியில் ஒட்டிய தாளை ஆசிரியை வகுப்பிலேயே படித்துக் காட்டினாராம், சங்குப்பூ என்று வந்ததும் "பூவா?" என்று எல்லோரும் கத்தினார்களாம். முந்திரி ஆகாத அந்தப் பெண்குழந்தையும் சாப்பிட்டிருக்கிறாள். அவள் அம்மா எனக்குச் செய்தி அனுப்பிச் செய்முறை கேட்டார், இந்த இழையை அப்படியே அனுப்பிவிட்டேன். பையன் தன் தனி டப்பாவைத் திறக்கவே இல்லை. ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு, எல்லோரும் எடுத்த பெட்டியிலிருந்து முதல் ஆளாக அவனும் ஒன்று எடுத்தானாம், நீலம்.

மாமி, உங்கள் பூ டப்பாவை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

மல்லேஸ்வரம் மாமி:

காலி டப்பாவைக் கொண்டுவராதே. அவன் திறக்காமல் வைத்திருக்கிறானே, அந்த நீல டோனட்டைப் போட்டுக் கொண்டுவா. பையனையும் கூட்டிக்கொண்டு வா, கொடியில் அவனே பறிக்கட்டும்.